பரணுக்குப் போகும் வண்டி

"குருவே, என் ரயில் ஏற மாட்டேங்குது."

பொன்மலையில் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் தில்லைநாயகிதான் குரு. அவர் வீட்டு ரயில் சுவரில் செங்குத்தாக ஏறும். ஜன்னலுக்கு மேலே ஒரு சுற்று சுற்றும். மறுபக்கம் ஜம்மென்று இறங்கும். எப்படி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எந்தக் குரலில் கேட்டாலும் அதே குரலில் பதில் சொல்வார்.

மருந்துக்கடை திருவேங்கடம் அழுகிற குரலில் கேட்டிருந்தார்.

"எவ்வளவு தூரம் ஏறுது, சீடரே?" என்று குருவும் அழுதார்.

"ஒரு சாண். அப்புறம் மல்லாக்க விழுது. பெரிய மோட்டார் போட்டேன். விழுந்துச்சு. ரெண்டு என்ஜின் பூட்டினேன். இப்ப ரெண்டும் ஜோடியா விழுது."

"விழுந்தா எடுத்து வைங்க."

"வீட்டுக்காரி பூங்கோதை கெடு வெச்சுட்டா, குருவே. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரயில் தானா பரணுக்கு ஏறணுமாம். ஏறலைன்னா சாக்குல கட்டி அவளே பரண்ல ஏத்திடுவாளாம். அப்புறம் இறக்கவே மாட்டாளாம்."

குரு கிழக்குச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பல்லி, தலைகீழாக, ஆடாமல் அசையாமல்.

குரு அதை நோக்கி விரலை நீட்டினார்.

ச்சு ச்சு ச்சு.

திருவேங்கடத்துக்குப் புல்லரித்துவிட்டது. குனிந்து தரையில் விரலால் தட்டினார்.

"புரிஞ்சுபோச்சு, குருவே!"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

வீட்டில் நாள்காட்டியின் பின்னட்டையைப் புரட்டினார். பல்லி சொல்லுக்குப் பலன். கிழக்கு: காரிய வெற்றி.

தண்டவாளத்தை மொத்தமாகப் பெயர்த்துக் கிழக்குச் சுவரில் ஒட்டினார். கற்பூரம் காட்டினார். என்ஜினைத் தட்டிவிட்டார்.

ஒரு சாண் ஏறியது. காரிய வெற்றியோடு மல்லாந்து விழுந்தது.

அடுக்களையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கூடத்திலிருந்து பரண் வரை செல்லும் வண்டி, நாளை சாக்கில் புறப்படும்!"

"இன்னைக்குச் சனிக்கிழமைதானே பூங்கோதை!"

"அதாங்க, சாக்கைத் துவைச்சுக் காயப்போட வேணாமா?"

திருவேங்கடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே இரும்பு பீரோ. அதன் பக்கவாட்டில் ஒரு பல்லி, தலைகீழாக.

"நீயாவது ஒழுங்கா சொல்லித் தொலையேன்."

அது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலைப் பிரித்து எடுத்தது. ஒட்டியது. அடுத்த காலைப் பிரித்து எடுத்தது. ஒட்டியது.

அவர் கிட்டே போனதும், பீரோவில் தொங்கிய பால் அட்டைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

அவர் அட்டையைப் பிடித்து இழுத்தார். அதைப் பிடித்திருந்த காந்தம் கையோடு வந்தது. அடுத்த நொடி கையை விட்டுத் தாவி, டக்கென்று மறுபடி பீரோவில் ஒட்டிக்கொண்டது.

திருவேங்கடம் காந்தத்தைப் பார்த்தார்.

என்ஜினைத் தூக்கி அதன் அடிவயிற்றைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் குருவுக்கு ஆள் போயிற்று. குரு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

தண்டவாளம் பீரோவின் பக்கவாட்டில் நேராக ஏறிப் பரணுக்குள் நுழைந்தது. வளைவுகளுக்கு அடியில், என்ஜின் வயிற்றுக் காந்தம் ஒட்டுவதற்காக, பிஸ்கட் டின்னை வெட்டி வைத்திருந்தார்.

பூங்கோதை காய்ந்த சாக்கோடு நின்றாள். "தள்ளிவிடக் கூடாது. ரெண்டு கையையும் பின்னால கட்டுங்க."

கட்டிக்கொண்டார்.

ரயில் வளைவில் மூக்கைத் தூக்கியது. ஒரு சாண் ஏறியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விழுகிற சத்தம் வரவில்லை.

திறந்து பார்த்தால், ரயில் பீரோக் கைப்பிடியின் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. விர்ரென்று பூட்டைத் தாண்டியது. உச்சி வளைவில் ஒரு கணம் தயங்கியது. தலையைக் கவிழ்த்துப் பரணுக்குள் புகுந்தது.

உள்ளே பித்தளை அண்டாவில் மோதி, 'டங்' என்று மணியடித்தது.

சாக்கு பூங்கோதையின் கையிலிருந்து நழுவியது.

"ஏங்க... திரும்பி வர்றப்போ அந்த முறுக்கு அச்சைக் கொண்டாருமா?"

"அண்டாவையே கொண்டாரும்!"

ச்சு ச்சு ச்சு.

இருவரும் சட்டென்று குனிந்து தரையைத் தட்டினார்கள்.

திருவேங்கடம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பல்லி இல்லை. பீரோவிலும் இல்லை. வாசற்படியில் குரு, குவித்த உதட்டை இன்னும் பிரிக்காமல் நின்றிருந்தார்.

"குருவே... அன்னைக்கும் நீங்கதானா?"

"பின்னே? அது வாயே திறக்கலையே, சீடரே. காலைத்தானே காட்டிட்டு இருந்துச்சு!"