காசிமேட்டில் மணத்த எலிக்கூண்டு

லாசர் அண்ணன் வாயைத் திறந்தால் வருவது பாதி மூச்சு, பாதி புளுகு. இது ஜெசிந்தாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்குக் காலையில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லை. வேளாங்கண்ணி போகிற வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. அவள் கையில் கூண்டு, கூண்டுக்குள் கடுகு. கடுகு ஒரு ஹாம்ஸ்டர், உள்ளங்கையில் அடங்குகிற எலி. "அது ஏறினா நான் எறங்கிடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். திரும்பி வரும்வரை யாரிடமாவது விட்டாக வேண்டும். வந்து பார்க்கும்போது அது உயிரோடும் இருக்க வேண்டும்.

"எங்கிட்ட குடு," என்றார் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற லாசர். "எம் பொண்ணு எலி வேணும்னு உயிரை எடுக்கிறா. நாறும்னு பயப்படாதே. நானும் ஒண்ணு வளர்த்தவன்தான். தெனமும் பிளீச்சிங் பவுடர், பினாயில், மேல பன்னீர். அந்தக் கூண்டுத் தரையில இட்லி வெச்சுச் சாப்பிட்டிருக்கேன்."

"எலி எங்க உக்காந்துச்சு, உன் மடியிலயா?" என்றாள் பிலோமினா அக்கா. பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ சும்மாயிரு. பூ வாங்க வந்த ஜனமெல்லாம் என் வீட்டு வாசல்ல நின்னு மொழம் என்ன வெலைன்னு கேட்டுச்சு. எலிக்கூண்டுன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். அப்புறம் அந்த வாசம் ஹார்பருக்குப் போச்சு பாரு, ஆரம்பிச்சுது வினை. மீன் வாடை மொத்தமா காலி! பூனைங்க மீனைக் கண்டுபிடிக்க முடியாம தயிர்சாதத்துக்கு மாறிடுச்சு."

ஜெசிந்தா வேனைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். அது டாட்டா இல்லை.

"என் கருவாடு?" என்று கேட்டாள் பிலோமினா அக்கா. "அது என்ன ஆச்சு?"

"உன் கருவாட்டைப் பூவுன்னு நெனச்சுத் தலையில வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு கல்யாணத்துக்கே போயிட்டு வந்துச்சு!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் லாசருக்கு வேகம் கூடிவிட்டது.

"இதுக்கே சிரிச்சா எப்படி? ஒருநாள் கடல்ல பனிமூட்டம். கரை தெரியல, வழி காட்டுற மிஷினும் வேலை செய்யல. நம்ம போட்டெல்லாம் என் கூண்டு வாசத்தை மோந்துக்கிட்டே நேரா வந்து சேர்ந்துடுச்சு. அதோட நின்னுச்சா? ஆந்திராக்காரன் போட்டும் பின்னாலயே வந்துடுச்சு! அவனைத் திருப்பி அனுப்ப, கூண்டு மேல ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். வழி தெரியாம அப்படியே நடுக்கடல்ல நின்னு அழறான். பாவமேன்னு ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டேன்."

"அடப்பாவி," என்றாள் பிலோமினா அக்கா.

ஹாரன் விடாமல் அடித்தது. ஜெசிந்தா ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணா, கழுவும்போது, அடியில விரிச்சிருக்கிற பழைய மரத்தூள்ல ஒரு பிடியாவது மிச்சம் வைப்பீங்களா?"

"ஒரு பிடியா? ஒரு தூசி இருக்காது! தான் எலிங்கிறதே அந்த எலிக்கு மறந்துபோற மாதிரி கழுவுவேன்!"

"அப்ப வேணாம்ணா."

"ஏன்?"

"அதுக்கு அதோட வாடை வேணும். மொத்தமா கழுவிட்டா, இது யார் வீடோன்னு மெரண்டுபோய் மூலைக்கு மூலை மூத்திரம் பேயும். இன்னும் நாறும். பினாயில் வாடைக்கு அது செத்தே போயிடும்."

சொல்லிவிட்டுக் கூண்டைப் பிலோமினா அக்கா மடியில் வைத்தாள்.

"எங்கிட்டயா? ஏய், எனக்குக் கழுவுறதுக்கெல்லாம் நேரம் கெடையாது. நனைஞ்ச மூலையை மட்டும் அள்ளிப் போட்டுட்டுப் புதுத்தூள் கொட்டுவேன். மத்ததெல்லாம் அப்படியேதான் கெடக்கும்."

"அவ்ளோதான்கா வேலையே!" என்று ஜெசிந்தா ஓடினாள்.

லாசர் விடவில்லை. "நல்லதாப் போச்சு போ! எங்கிட்ட விட்டிருந்தா, அந்த வாசத்துக்கு உன் வேன் செங்கல்பட்டுலயே யூ டர்ன் அடிச்சு வந்திருக்கும்!"

பிலோமினா அக்கா கூண்டைத் தூக்கி ஒருதரம் மோந்து பார்த்தாள். பிறகு லாசர் பக்கம் திரும்பி இன்னொரு தரம் மோந்தாள்.

"நாத்தம் எலிகிட்டருந்து வரல லாசரு. நீ எப்போ குளிச்ச?"