மாதிரி மூட்டின் உபதேசம்

செயற்கை மூட்டுகள் செய்து விற்கும் பெரிய கம்பெனி ஒன்றில் ஒரு மாதிரி முழங்கால் மூட்டு வேலை பார்த்துவந்தது. விற்பனைப் பிரதிநிதி எபனேசரின் தோள்பையில், நீல வெல்வெட் மெத்தையில் அதற்கு வாசம். டாக்டர்களின் மேசைமேல் ஏறி மடங்கிக் காட்டுவதுதான் உத்தியோகம். எந்த உடம்புக்குள்ளும் அது போனதில்லை. ஆனால் அதன் பேச்சைக் கேட்டால், பாதி ஊரை நடக்கவைத்ததே அதுதான் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒருநாள் காரின் பின்சீட்டில் அதன் பக்கத்தில், சீல் பிரிக்காத பெட்டியோடு ஒரு நிஜ மூட்டு வந்து உட்கார்ந்தது. அன்று அறுவை சிகிச்சை செய்து அதை ஒரு காலுக்குள் வைக்கப்போகிறார்கள். பாவம், ஒரே நடுக்கம்.

“அண்ணே, உள்ளே எப்படி இருக்கும்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பத்து வருட சர்வீஸ், கௌரவம் விடுமா?

“ரொம்ப சுலபம் தம்பி. மெதுவா மடங்கு. மடங்கினதும் அப்படியே நில்லு. எல்லாரும் ‘அடடா!’ன்னு சொல்லுவாங்க. அப்புறம் நீண்டா போதும். அவசரப்பட்டு நீண்டுடாதே, மரியாதை போயிடும்.”

“பாரமா இருக்குமாண்ணே?”

“என்ன பாரம்? ஏசி இருக்கும், காபி வரும்.”

நிஜ மூட்டு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கனகாம்புஜம் அம்மாளின் வலது முழங்காலில் குடியேறியது.

மூன்றே மாதத்தில் புகார் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

“கல்யாணப் பந்தியில உட்கார்ந்தேன் சார்,” என்றாள் கனகாம்புஜம். “மடங்கின கால் நீளவே இல்லை. மத்தவங்க இலையெல்லாம் எடுத்துட்டாங்க. நான் இன்னும் பாயசத்துக்குக் காத்திருக்கேன்னு நினைச்சு மூணு தரம் ஊத்திட்டுப் போனாங்க!”

“இன்னைக்கும் நீளலைன்னா கழட்டிட வேண்டியதுதான்,” என்றார் மேனேஜர். “எதுக்கும் மாதிரியை எடுங்க, அம்மாவுக்கு ஒருதரம் காட்டுங்க.”

எபனேசர் அதை மேசைமேல் வைத்தார். சேலைக்குள்ளிருந்து ஒரு குரல், மாதிரி மூட்டுக்கு மட்டும் கேட்டது.

“அண்ணே, நீங்க சொன்னபடியே மடங்கி நிக்கிறேன். ஒருத்தரும் ‘அடடா’ சொல்லலையே! கழட்டப் போறாங்களாமே!”

மாதிரி மூட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழற்றிய மூட்டு நேரே குப்பைக்குத்தான் போகும். இன்னொரு பொய் சொல்லிச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் அதற்கே வெட்கமாக இருந்தது.

“தம்பி, மன்னிச்சுக்கோ. நான் சொன்னதெல்லாம் மேசைமேல நடக்கிறது. உள்ளே எப்படின்னு எனக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் காத்திருக்காதே. அந்தம்மா எழுந்திருக்கப் பார்க்கிறாங்க பாரு, அவங்களோட சேர்ந்து எழுந்திரு!”

நிஜ மூட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நீண்டது. கனகாம்புஜம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் எபனேசர் மாதிரியை மடக்கி நீட்டியிருந்தார்.

“அடடா!” என்றார் மேனேஜர், மேசையைப் பார்த்து. “பார்த்த மாத்திரத்துல அம்மாவுக்குச் சரியாப் போச்சே! இந்த வருஷ விருது இதுக்குத்தான்யா!”

“நான் இல்லைங்க, அவன்!” என்று கத்தியது மாதிரி மூட்டு. “தம்பி, நீயாவது சொல்லேன்டா!”

தம்பிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. எண்பது கிலோ கனகாம்புஜத்தைச் சுமந்துகொண்டு அது மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தது.