அரிசிக்கு ஏறுது, அம்மாவுக்கு ஏறல

"இந்த வண்டிக்கு பவர் ஏத்தணும். கொறஞ்ச செலவுல. என்ன பண்ணலாம்?"

பர்கத் திரும்பிப் பாக்கல.

என்ஜினுக்குள்ள டீசல் பீச்சற நாசில் ஒண்ணை டெஸ்டர்ல மாட்டி கைப்பிடிய அழுத்தினா. டீசல் புகையாட்டம் விசிறி அடிச்சுது. தொடச்சு வெச்சா. அடுத்ததை எடுத்தா.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"கேட்டுச்சு."

பர்கத் நிஷாவும் நானும் மெக்கானிக்கல்ல ஒரே பெஞ்சு. ரெண்டாவது வருசம் அவங்க அத்தாவுக்கு, அதான் அவங்கப்பாவுக்கு, வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துருச்சு. அவ காலேஜை விட்டுட்டு, திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டுல இருக்கற அவங்க டீசல் பம்ப் கடையில உக்காந்துட்டா.

நான் இப்ப நாலாவது வருசம். நான் போய் அவகிட்ட கேட்டுக்கிட்டு நிக்கறேன். இந்தக் கொடுமைய யார்கிட்டச் சொல்ல.

லாரிக்காரங்க அவளை "டாக்டரு"ம்பாங்க. கேக்கறப்பெல்லாம் எனக்கு எரியும்.

"ஞாயித்துக்கெழமை மாசமா இருக்கற எங்க பிருந்தா அக்காளுக்குக் கட்டுச்சோறு விருந்து," ன்னேன். "அவ மாமியார் வீட்டுல, கொல்லிமலை மேல. எழுபது வளைவு. போன மாசம் இருபத்திமூணாவது வளைவுலயே வண்டி படுத்துருச்சு. அக்கா வீட்டுக்காரரோட சித்தப்பா பின்னாடியே வந்தாரு. கண்ணாடிய இறக்கிட்டுக் கேக்கறாரு, 'ஏம்மா, காரை மலைக்கே நேந்து விட்டுட்டீங்களா'ன்னு."

பர்கத் சிரிச்சா.

"சிரிக்காத."

"நல்லாத்தான கேட்டிருக்காரு."

"இந்தத் தடவையும் ஏறலைன்னா அம்மா திங்கக்கெழமையே வண்டியைப் புரோக்கர்கிட்டத் தள்ளிரும். அப்பா ரிக்கு வண்டியோட ராய்ப்பூர்ல போர்வெல் போட்டுக்கிட்டு இருக்காரு. அவரைக்கூடக் கேக்காதாம். பிரசவத்துக்கு எங்கக்கா அந்தச் சித்தப்பன் கார்ல ஏறி எங்க வீட்டுக்கு வரணும். எங்கக்கா. அந்தாளு கார்ல."

பர்கத் கையத் தொடச்சுக்கிட்டா.

"என்ன பண்ணணுங்கற?"

போன்ல லிஸ்ட் வெச்சிருந்தேன். ராத்திரி பகலா வீடியோ பாத்து எழுதினது.

"ஒண்ணு, ஈசியு ரீமேப்."

"எதை?"

"ஈசியு. என்ஜினோட கம்ப்யூட்டர். அதுல புரோகிராம் மாத்தினா இருபது பர்சென்ட் பவர்..."

அவ எந்திரிச்சுப் போய் பானட்டைத் தூக்கினா. என்னைக் கூப்பிட்டா.

"எங்க இருக்குன்னு காட்டு."

பாத்தேன். பம்ப் இருந்துச்சு. நாலு பைப்பு இருந்துச்சு. பேட்டரி இருந்துச்சு.

"இருபத்திரெண்டு வருசத்து வண்டி. கம்ப்யூட்டரே கெடையாது," ன்னா. "ரெண்டாவது சொல்லு."

ரெண்டாவதை நான் சொல்லல.

"சரி, பம்ப்புல டீசலைக் கூட்டி வையி. அந்த ஸ்க்ரூவைத் திருப்புனாப் போதும்ல?"

"கரும்புகை வரும். சித்தப்பா இன்னும் ஒண்ணு கேப்பாரு."

"அப்ப என்னதான்டி பண்றது?"

அவ வண்டியைச் சுத்தி வந்தா. டிக்கியத் தொறந்தா. உள்ள கையவிட்டு ஒவ்வொண்ணா வெளிய போட்டா. சப்வூஃபர் பெட்டி. ரெண்டு ஆயில் கேன். கால் ஒடஞ்ச ஸ்டூல். அக்கா கல்யாணத்துல மிஞ்சின சில்வர் தவலை.

"இதெல்லாம் எதுக்கு மலை ஏறுது?"

"அது கெடக்குது. பவருக்கு வழி சொல்லு."

ஏர் ஃபில்டரைக் கழட்டி தரையில தட்டினா. அரைப்படி மண்ணு கொட்டுச்சு. புதுசு ஒண்ணு மாட்டினா. நாலு டயருக்கும் காத்தடிச்சா. நாசில் நாலையும் சர்வீஸ் பண்ணி மாட்டினா.

"போ. ஓட்டிப் பாரு."

"இவ்வளவுதானா? ஒரு டர்போ கிட்டு, ஒரு சைலன்சர்..."

"போடி."

புதன்கெழமை. நான் மட்டும். மலைக்கோயில் ரோட்டுல ஏத்தினேன். அதுலயும் வளைவு இருக்குது, நல்ல ஏத்தம்.

குண்டு மாதிரி ஏறுச்சு.

எனக்கே நம்ப முடியல. அவகிட்ட நன்றி சொல்லணுமேன்னு வேற கடுப்பு.

வெள்ளிக்கெழமை அம்மாவை முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். வண்டி சரியாயிருச்சுன்னு காட்டறதுக்கு.

"மெதுவாப் போ கண்ணு."

"மெதுவாப் போனா ஏறாதும்மா!"

முன்னாடி ஒரு ஆட்டோ. ஹாரன்ல வெச்ச கைய எடுக்கல. "ஏய், உங்கப்பன் ரோடாடா?"

"ஐயோ, பஸ்ஸு வருதுடி."

"வரட்டும். நான் பாத்துக்கறேன்."

அம்மா முந்தானைய இழுத்து மூடிக்கிட்டு, "முருகா, முருகா" ன்னுச்சு. அது என்ன மலைன்னாலும் முருகனைத்தான் கூப்பிடும்.

ரெண்டாவது வளைவுல வண்டி முக்குச்சு.

மிதிச்சேன்.

மூணாவதுல இன்னும் முக்குச்சு. இன்னும் மிதிச்சேன். ஃபர்ஸ்ட் கியர். என்ஜின் கத்துது, வண்டி நகரல. கருகுன நாத்தம்.

நின்னுருச்சு.

ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு நல்லா மேல இழுத்து விட்டுட்டு எறங்கினேன். பானட்டைத் தொறந்து பாத்தேன். ஒண்ணும் புரியல. மீட்டர்லயாச்சும் ஏதாவது லைட்டு காட்டும்னா, அதுல ஒரு லைட்டும் எரிஞ்சு நாலு வருசம் ஆச்சு.

அம்மா எறங்கி ஓரமா நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை.

"வித்துரலாம் கண்ணு," ன்னுச்சு. "உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

வண்டியைத் திருப்பிக் கீழ எறக்கி, அம்மாவை வீட்டுல விட்டுட்டு நேரா கடைக்குப் போனேன்.

"நீயெல்லாம் டாக்டரு! நாலு நாசில் கழுவத் தெரிஞ்சா டாக்டரா?"

ரெண்டு லாரி டிரைவருங்க டீ கிளாசோட ஓரமா நகந்தாங்க.

"ஏறலையா?" ன்னா பர்கத்.

"ஏறல!"

"புதன்கெழமை ஏறுச்சுன்ன."

"அன்னிக்கு நான் மட்டும். இன்னிக்கு அம்மா. நாப்பத்தெட்டு கிலோ! நாப்பத்தெட்டு கிலோ ஏறினாச் செத்துப்போற என்ஜின் என்னடி என்ஜின்? ஞாயித்துக்கெழமை அம்மா, பெரியம்மா, அத்தை, அஞ்சு வகைச் சோறு!"

அவ குனிஞ்சு பின்சக்கரத்துக்கிட்டப் பொறங்கைய வெச்சா. வெடுக்குன்னு எடுத்தா. மோந்து பாத்தா.

"வெயில்ல நிக்கற வண்டி சுடத்தான் செய்யும்," ன்னேன். "கிளட்ச்சு பிளேட்டு கருகியிருக்குது. அதைப் பாரு."

"அம்மா எங்க உக்காந்துச்சு?"

"முன்னாடி. எப்பவும் முன்னாடிதான். பின்னாடி உக்காந்தா வாந்தி வரும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

நிமிந்து என்னையே பாத்தா. ஏதோ சொல்ல வாயெடுத்தா. அப்புறம் மூடிக்கிட்டா.

"என்ன? சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ நேரா போய் யார்கூட சண்டை போடுவேன்னு எனக்குத் தெரியும்."

"யார்கூட?"

அவ கடைக்குள்ள போயிட்டா. உள்ள இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு.

"வீட்டுல அரிசி மூட்டை இருக்குதா?"

"என்னது?"

"அம்பது கிலோ சிப்பம். அம்மா உக்காந்த சீட்டுல வெச்சுக்கிட்டு அதே ரோட்டுல போ."

"எதுக்கு?"

"போய்ட்டு வா."

டிரைவருங்கள்ல ஒருத்தரு டீயைக் குடிச்சுக்கிட்டே, "டாக்டரு சொன்னாச் செய்யி பாப்பா," ன்னாரு.

"உங்களைக் கேட்டனா?" ன்னேன்.

சனிக்கெழமை காலையில பொன்னி அரிசி ஒரு சிப்பத்தைத் தூக்கி முன்சீட்டுல வெச்சேன். சாஞ்சு விழுந்துச்சு. சீட் பெல்ட் போட்டு விட்டேன். பாக்கறவங்கெல்லாம் பாத்தாங்க.

மலை ரோடு. அதே ஆட்டோக்காரங்க, அதே ஹாரன், அதே திட்டு. முதல் வளைவு. ரெண்டாவது. மூணாவது.

ஏறுச்சு.

நாலாவது. அஞ்சாவது. ஒரு முக்கல் இல்ல. மேல கோயில் வாசல்ல போய் நின்னேன்.

அன்னதானத்துக்காரரு ஒருத்தரு ஓடி வந்து கதவைத் தொறந்து மூட்டையில கைய வெச்சாரு. "எந்த ஊருங்க? பேரு சொல்லுங்க, ரசீதுல எழுதிக்கறேன்."

"இது அன்னதானத்துக்கில்லீங்க. வண்டியை டெஸ்ட் பண்றதுக்கு."

அவரு மூட்டையப் பாத்தாரு. சீட் பெல்ட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. ரசீது புக்கை மூடிக்கிட்டுப் போயிட்டாரு.

நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி உக்காந்திருந்தேன்.

அரிசி அம்பது கிலோ. அம்மா நாப்பத்தெட்டு. அரிசிக்கு ஏறுது. அம்மாவுக்கு ஏறல.

நாலு வருசம் படிச்சதுல எந்தப் பாடத்துல இது வருது? டார்க், கியர் ரேஷியோ, இழுவை விசை, எல்லாத்தையும் மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். அரிசி பேசாது. அம்மா பேசும். பேச்சுக்கு எடை உண்டா? ரெண்டு கிலோ கொறைவா இருக்கறதுதான் தப்பா? அம்மா மேல வண்டிக்கு ஏதாச்சும் கோவமா?

பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு.

கடைக்கு வந்தேன். சத்தம் போடத்தான் வந்தேன். கைய நீட்டி மூட்டையத்தான் காட்டினேன்.

"அரிசிக்கு ஏறுது, பர்கத்."

"ம்."

"அம்மாவுக்கு ஏறல."

"ம்."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கெளம்பணும். எனக்கு ஒண்ணுமே புரியல. அம்மாவை பஸ்ல அனுப்பிட்டு மூட்டைய கார்ல ஏத்திட்டுப் போகவா?"

அவ கையத் தொடச்சா. கடைப் பையனைக் கூப்பிடல, ஷட்டரைத் தானே பாதி எறக்கினா. மூட்டைய எறக்கி வெச்சா.

"சாவியக் குடு."

"நீ ஓட்டப் போறியா?"

"நீ அந்தப் பக்கம் உக்காரு."

"அது அம்மா சீட்டு."

"தெரியும்."

உக்காந்தேன். இந்த வண்டில எனக்கு லைசென்ஸ் வந்த நாள்ல இருந்து நான் அந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல. எல்லாமே மாறித் தெரிஞ்சுது. கால்ல மிதிக்க ஒண்ணும் இல்ல. கையில பிடிக்க ஒண்ணும் இல்ல.

பர்கத் கெளப்பினா.

நான் அவளை ரொம்ப வருசமாப் பாக்கறேன். ஸ்கூட்டியில முப்பதுக்கு மேல போக மாட்டா. அன்னிக்கு அவ அவளா ஓட்டல. ஹாரன்ல கைய வெச்சா, எடுக்கல. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு சந்து கெடச்சுது, அதுல விட்டா.

"ஏய், உங்கப்பன் ரோடாடா?"

அது என் வசனம்.

"பாத்து, பாத்து! பஸ்ஸு!"

"வரட்டும். நான் பாத்துக்கறேன்."

"பர்கத், வெளையாடாத."

முதல் வளைவு. எடது பக்கம் ரோடு முடிஞ்சு கீழ ஊரு தெரிஞ்சுது. வீட்டுக் கூரைங்க, தெப்பக்கொளம், எல்லாம் சின்னச் சின்னதா. அந்தப் பக்கம் உக்காந்தா அது மட்டுந்தான் தெரியுது. ஓட்டறவங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சதே இல்ல.

"மெதுவாப் போடி!"

"மெதுவாப் போனா ஏறாது."

ரெண்டாவது வளைவு. எதுக்க ஒரு வேன். பர்கத் வெலகாமப் போனா. நான் கண்ண மூடிக்கிட்டேன். என்னென்னமோ சாமி பேரெல்லாம் வாயில வந்துச்சு.

வண்டி முக்குச்சு.

அவ மிதிச்சா.

மூணாவது வளைவு. என்ஜின் கத்துச்சு. கருகுன நாத்தம். வண்டி நின்னுருச்சு.

கண்ணத் தொறந்தேன். பயமெல்லாம் போயி எனக்கு ஒரு சந்தோசம்.

"பாத்தியா! பாத்தியா! நான் சொன்னேன்ல? அம்மா இல்ல, அரிசி இல்ல, நீயே ஓட்டினே, ஏறல! என்ஜின்ல பவரே இல்ல! ரெண்டு நாளா எங்கம்மா பேரைச் சொல்லி என்னைக் கிறுக்குப் பிடிக்க வெச்சேல்ல?"

பர்கத் என்ஜினை ஆஃப் பண்ணினா.

"கோகிலா."

"என்ன?"

"கைய எடு."

"எந்தக் கைய?"

அவ கீழ பாத்தா. நானும் பாத்தேன்.

என் வலது கை. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சிருந்துச்சு. வெரல் நாலும் வெளுத்துப்போயி. பிரேக்கு மூணு பல்லு மேல ஏறி நின்னுச்சு.

  



கைய எடுக்க வரல. ஒவ்வொரு வெரலா எடுத்தேன்.

பர்கத் எறங்கி சுத்தி வந்தா. என் பக்கத்துக் கதவைத் தொறந்தா.

"மாறி உக்காரு. நீ ஓட்டு."

"நீ?"

"நான் அம்மா."

ஹேண்ட்பிரேக்கு கவ்வின பின்சக்கரம் ஆறட்டும்னு கொஞ்ச நேரம் நின்னோம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினேன். நாலாவது வளைவுல முன்னாடி ஒரு ஆட்டோ முக்கிக்கிட்டுப் போச்சு. கை தானா ஹாரனுக்குப் போச்சு.

பக்கத்துல பாத்தேன். மடியில இருந்த அவ கை ஹேண்ட்பிரேக்குப் பக்கம் லேசா அசஞ்சுது.

ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தேன்.

அவ கை மறுபடி மடியில படுத்துச்சு.

ஆட்டோக்குப் பின்னாடியே, ரெண்டாவது கியர்ல, கோயில் வாசல் வரைக்கும் போனோம்.