பறவை இல்லாத ஆயிரம் படங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு சிஷ்யர் இருந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்துநாலு.

சிஷ்யர் ஆசீர்வாதம், முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு பொன்செல்வி, சின்ன வயதில் அவர் ஊதிய விசிலுக்கு ஓடி ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காதவள். இப்போது ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கேமரா பழக வந்த முதல் நாளே அவர் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். அவளோ "சார்" என்பதை விடவில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிஷ்யர் கேட்டார்.

"டீச்சர், வீட்டுக்குள்ள பறக்குற பறவைய எப்படிப் படம் எடுக்கணும்?"

"என்ன பறவை?"

"நம்ம கேசரி."

கேசரி ஒரு காக்கட்டீல், கொண்டை வைத்த சின்னக் கிளி. மஞ்சள் தலை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அவருடைய மகள் எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனது. இப்போது தனி வீடு பார்த்துவிட்டாள். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறாள்.

"போறதுக்குள்ள ஒரு படம். சிறகை விரிச்சாப்ல ஒண்ணே ஒண்ணு. அது இருந்தா சமாளிச்சிருவேன்," என்றார். அதைச் சொல்லும்போது குருவைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் எத்தனை எடுத்தீங்க?"

"ஆயிரத்து நாப்பது."

குரு பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள். காலண்டர் இருந்தது. ஃபேனில் ஒரு இறக்கை இருந்தது. பீரோ இருந்தது. ஒரு படத்தில் வால் மாதிரித் தெரிந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் திரைச்சீலையின் குஞ்சம். மற்றதெல்லாம் சுவர்.

"சுவரு நல்லா ஷார்ப்பா வந்திருக்கு, சார்."

"அது அசையாம நின்னுச்சு, டீச்சர்."

மறுநாள் குருவே வீட்டுக்கு வந்தாள். சிஷ்யர் ஜன்னல்களைச் சாத்தினார். ஃபேனை அணைத்தார்.

"எட்டு மாசமா இந்த வீட்டுல புழுங்கிச் சாவுதோம்," என்றாள் அவர் மனைவி எமிலி, அடுப்படியிலிருந்து.

சிஷ்யர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொப்பியை மாட்டினார். பழைய விசிலைக் கழுத்தில் போட்டார். கேசரி திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"ஆன் யுவர் மார்க்," என்றார் சிஷ்யர். பறவை ஒரு காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது. விசில் ஊதினார்.

கேசரி கிளம்பியது. சிஷ்யரும் கேமராவோடு அதன் பின்னால் கிளம்பினார். ஒரு சுற்று சுற்றினார், டீப்பாயில் முழங்காலை இடித்தார், கேமரா பட்டனை அழுத்தினார். பிறகு குனிந்து கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சுவரு," என்றார்.

"பறவை இப்ப எங்க, சார்?"

"எங்க இருக்கும், என் தொப்பி மேலதான். எப்பவும் இதே ரோதனை. படம் போச்சேன்னு நான் குனியணும், உடனே தலையில வந்து உக்காந்துக்கிட்டுக் கிண்டல் பண்ணும்."

குரு தொப்பியையும் பறவையையும் பார்த்தாள்.

"நூறு மீட்டர் ஓட்டத்துல விசில் ஊதுனவரு, பிள்ளைங்க பின்னாலயே ஓடுவாரா, சார்?"

"ஓடுனா பைத்தியம்னு சொல்லுவாங்க. ஃபினிஷிங் லைன்ல ஜட்ஜு நிப்பாரு. ஓடி வர்றவன் முகத்தைப் பாக்கணும்லா."

சொல்லிவிட்டுச் சிஷ்யர் நின்றுவிட்டார். பிறகு மெல்லத் தலையைத் தொட்டார்.

"அப்ப இந்தத் தொப்பிதான் அதுக்கு..."

குரு அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். கேசரி கம்பிக்குப் போனது. ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்தாள்.

"ஊதுங்க."

விசில் கேட்டதும் பறவை கிளம்பியது. தொப்பியைத் தாண்டிப் போய், சிஷ்யரின் வழுக்கைத் தலையில் இறங்கியது. வழுக்கியது. நகத்தை ஊன்றிக்கொண்டது.

"தொப்பி இல்ல போலிருக்கு," என்றாள் குரு.

சிஷ்யர் அசையவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நகம் குத்துது," என்றார்.

எமிலி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

குரு ஒரு நாற்காலியைப் போட்டாள். அதை ஒட்டி ஸ்டாண்டை நிறுத்தி, ஒரு கை தூரத்துக்கு ஃபோகஸை வைத்தாள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"ஓடாதீங்க. உக்காருங்க. நிமிந்து பாருங்க. வரும்போது அழுத்துங்க."

விசில். கேசரி நேராக வந்தது. தலையில் உட்கார்ந்தது.

"அழுத்துனீங்களா?"

"மறந்துட்டேன்."

"எப்படி மறந்தீங்க?"

"அது வர்றத இன்னைக்குத்தான் பாக்கேன், டீச்சர்."

நாலாவது தடவை அழுத்தினார். இரண்டு சிறகும் முழுசாக விரிந்திருந்தன. இரண்டு கன்னத்துப் பொட்டும் தெரிந்தன. கால் இரண்டையும் முன்னால் நீட்டியிருந்தது. படத்தின் கீழ் மூலையில் ஒரு வழுக்கை, பாதி நிலா அளவுக்குப் பளபளத்தது.

"இந்த மூலைய வெட்டிரலாமா, சார்?"

"ஃபினிஷிங் லைன் இல்லாம என்ன பந்தயம்? இருக்கட்டும்."

எமிலி பறவையைக் கூண்டில் விட்டுவிட்டு ஃபேனைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஷ்யர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மறுநாள் காலை ரயிலில் மகள் வருகிறாள். மெமரி கார்டை மேஜையில் வைத்தார்.

"இந்த ஒரு படத்தை மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க, டீச்சர். மத்த ஆயிரத்துச் சொச்சத்தையும் அழிச்சிருங்க. பறவையே இல்லாத படம் எதுக்கு?"

"ஒவ்வொண்ணையும் எடுத்துட்டுக் குனிஞ்சு பாத்தீங்கல்லா, சார்?"

"பாத்தேன்."

"குனிஞ்சப்பல்லாம் தலையில வந்து உக்காந்துச்சா?"

"ஒரு தடவகூடத் தப்பினது இல்ல."

குரு கார்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது ஒவ்வொண்ணையும் எடுத்த உடனே அது உங்ககிட்ட வந்திருக்கு. இதுல எதை அழிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

ஆசீர்வாதம் கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையின் பட்டனையும் மாட்டினார்.