சுவருக்குள் வந்த சேதி

மலைக்காட்டில் ஒரு வெடிப்பலா மரம். அதன் பொந்துக்குள் இருவாச்சியம்மா அடைகாக்கப் போனாள். இருவாச்சிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் உள்ளே போனதும் மண்ணைக் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் இருக்கும். உள்ளே இறகுகள் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. புருஷன்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவன் வராமலே போய்விட்டால், சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவதைத் தவிர வேறு வழியில்லை.

குஞ்சு பொரித்துச் சில நாளில் புருஷன் கீற்றருகே வந்து நின்றான்.

"இந்தப் பக்கம் அத்திப்பழம் தீர்ந்துபோச்சு. மலைக்கு அந்தப் பக்கம் போறேன். வர நேரமானா சேதி சொல்ல ஆள் பிடிச்சுட்டேன். கரிச்சான்!"

அவன் உட்கார்ந்திருந்த கிளையிலேயே கரிச்சான் குருவியும் உட்கார்ந்திருந்தது. காட்டு நிலவரம், மழை நிலவரம், குரங்கு வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கீச்சிட்டு முடித்தது.

"பார்த்தியா வேகத்தை?" என்றான் புருஷன்.

"வேகம் சரிங்க. அவனை உரசிக்கிட்டு உட்கார்ந்து கேட்டா எல்லாம் நல்லாத்தான் கேட்கும். நான் சுவருக்குள்ள இருக்கேன். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தச் சொல்லிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

"அவனோடது மெல்லிய கீச்சுக் குரல். ஒரு மூச்சில் ஊர்க்கதை முழுசும் ஏத்தலாம். ஆனா நாலு இலை குறுக்கே வந்தா அங்கேயே நின்னுடும். செம்போத்தையும் கூட்டிட்டுப் போங்க. அடித்தொண்டைக் குரல். மரம், மண் எல்லாத்தையும் தாண்டி வரும்."

"அவனா? அவன் ஒரு சேதி சொல்லி முடிக்கறதுக்குள்ள பழமே அழுகிடும்."

"நான் என்ன காலட்சேபமா கேட்கப்போறேன்? நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும். 'ஊப் ஊப்'னு ரெண்டு கூவல், ஒரு இடைவெளி, மறுபடி ரெண்டு. வந்துக்கிட்டிருக்கீங்கன்னு எடுத்துக்கறேன். அவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கு இருந்தாத்தான் கூவலுக்கு அர்த்தம். கேட்டதும் நான் பதில் கத்தறேன். என் குரலுக்கு எந்த மலையும் குறுக்கே நிற்காது."

"அது எனக்குத் தெரியும்" என்று முனகிவிட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு பறந்தான்.

அன்று பிடித்த மழை விடவில்லை. பழம் வரவில்லை. குஞ்சு கத்திக் கத்தி ஓய்ந்தது.

மறுநாள் ஒரு எறும்பு கீற்று வழியாக வந்து அவள் அலகைத் தொட்டது. எறும்புகள் தொட்டுத்தான் பேசும். நாலு விரல் தள்ளி நின்றால் ஒன்றும் புரியாது. ஆனால் சத்தமும் இல்லை, அலுப்பும் இல்லை.

"அடிமரத்தில் மரநாய் காத்திருக்கு. நீ சுவரை எப்போ உடைப்பேன்னு பார்க்குது" என்றது.

உடைத்தால் மரநாய். உடைக்காவிட்டால் பட்டினி. புருஷன் இருக்கிறானா, போய்விட்டானா? மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் குஞ்சின் தலை தொங்க ஆரம்பித்தது. அவள் அலகைச் சுவரில் ஊன்றினாள்.

அங்கே மலை உச்சியில் கரிச்சான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. "ஓடை பெருகிவிட்டது, காற்று எதிர்த்து அடிக்கிறது, நாளைக் காலையில் பழத்தோடு வருகிறார்" என்று அத்தனையும் சொன்னது. அத்தனையும் முதல் தோப்பைத் தாண்டவில்லை. பதில் வராததால் புருஷன் செம்போத்தின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்கதான் சொல்லணும்."

"இப்பவாவது ஞாபகம் வந்துதே" என்றது செம்போத்து. ஆனால் உடனே கூவவில்லை. கீழே தவளைகள் எல்லாம் அதே அடிக்குரலில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கும்பலில் சேர்ந்து கூவினால் யார் குரல் எது என்று தெரியாது. தவளைகள் மூச்சு வாங்கிய நேரம் பார்த்துக் கூவியது.

அவள் சுவரை முதல் கொத்துக் கொத்தப்போன நேரம் அது.

"ஊப்... ஊப்..." இடைவெளி. "ஊப்... ஊப்..."

அலகைச் சுவரிலிருந்து எடுத்தாள். பிறகு மலையே அதிரும்படி ஒரு கத்து கத்தினாள். அடிமரத்து மரநாய் குதித்து ஓடிப்போயிற்று.

விடிந்ததும் புருஷன் வாய்நிறைய அத்திப்பழத்தோடு வந்தான். குஞ்சு விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. கரிச்சானும் அதே கிளையில் வந்து உட்கார்ந்து, பயணக் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னது.

"இதுக்கு நீதான் சரி. வாசலில் உட்கார்ந்து பேசறதுக்கு உன்னை மிஞ்ச ஆளில்லை" என்று சொல்லிவிட்டு இருவாச்சியம்மா நிம்மதியாக இன்னொரு பழத்துக்கு அலகை நீட்டினாள்.

வைஃபையிலும் வேகமான அலை சுவர்களில் சீக்கிரம் தேய்ந்துவிடும், மெதுவான அலைதான் தாண்டி வரும். காட்டில் சேதி சொல்ல ஆள் பிடித்தாலும், வீட்டுக்கு வைஃபை பெட்டி வாங்கினாலும், வேகத்தை மட்டும் கேட்காமல், எவ்வளவு தூரம், குறுக்கே எத்தனை சுவர் என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவரே புத்திசாலி.