ரப்பர் கை

அந்த நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் கை இருந்தது. பார்ப்பதற்கு அசல் கை மாதிரியே இருக்கும். உள்ளே குழாயில் சிவப்புத் தண்ணீர் ஓடும். ஊசியைச் சரியாகக் குத்தினால் சிரிஞ்சில் ஏறும். தப்பாகக் குத்தினாலும் அது யாரையும் ஒன்றும் சொல்லாது. அதனால் அந்தக் கையிடம் எல்லாருமே கெட்டிக்காரர்கள். அவர்களில் முதல் கெட்டிக்காரி இரண்டாம் ஆண்டு படிக்கும் இசக்கியம்மாள்.

வார்டில் கதை வேறாக இருந்தது. அவள் ரத்தம் எடுக்கப் போன முதல் நாள், ஒரு லாரி டிரைவரின் கையில் நரம்பு தப்பிவிட்டது. மறுபடி குத்தினாள். மறுபடியும் தப்பியது.

"யம்மா, இது உசுரோட இருக்கவன் கைம்மா" என்றார் அவர்.

கூட நின்ற வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இசக்கி தட்டை அப்படியே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். அதன் பிறகு ஊசியைத் தொட்டாலே அவள் கை நடுங்கியது. செய்முறைத் தேர்விலும் நடுங்கியது. தேறவில்லை.

விடுதியில் ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். அரியர் இல்லாமல் யாரும் படித்ததில்லை என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி செல்போனில் ஊக்கப் பேச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். இசக்கி எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் விடைபெற்றுக்கொள்ளப் பயிற்சி அறைக்கு வந்தாள். ஆசிரியை ரோஸ்லின் ஈரத்துணியால் ரப்பர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"போய்ட்டு வாரேன் மேடம். அப்பா கூட்டிட்டுப் போக வாராவ."

"எங்க?"

"ஊருக்கு. அடுத்த வருஷம் பி.காம். சேரப் போறேன். கணக்குல தப்பு வந்தா யாருக்கும் ரத்தம் வராது."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நர்ஸுக்குப் படிக்கணும்னு ஆசைப்பட்டது யாரு? அப்பாவா?"

"நான்தான். ஆறாங்கிளாஸ்ல இருந்து ஆசை. அப்பாவுக்கு ரத்தத்தைப் பாத்தாலே தலை சுத்தும்."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். ஒரு வேலை நமக்கு வராதுன்னு எப்பத் தெரிஞ்சிக்கிடறது? எத்தனை தடவை தப்புனா விட்டுறலாம்?"

ரோஸ்லின் ஈரத்துணியைக் காயப்போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டின் வலது கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கையை மேசைமேல் நீட்டினார்.

"ரத்தம் எடு."

"வேண்டாம் மேடம்."

"புது ஊசி அலமாரியில இருக்கு. கையைக் கழுவிட்டு வா."

இசக்கி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள்.

ரோஸ்லினுக்குப் பூசினாற்போன்ற கை. ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியும் நரம்பு எதுவும் தெரியவில்லை.

"காணல மேடம்."

"கண்ணுக்குத் தெரியாது. விரலால தேடு."

தேடினாள். ஏதோ ஒன்று விரலுக்குக் கீழே மெத்தென்று தட்டுப்பட்டது. பஞ்சால் துடைத்து, ஊசியைக் குத்தினாள். சிரிஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவிவிட்டாள். குத்திய இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி துளிர்த்தது. அவள் கண் தானாகவே கதவுப் பக்கம் போனது.

"பஞ்சு" என்றார் ரோஸ்லின்.

பஞ்சை வைத்தாள். கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காத. அழுத்திப் பிடி."

பிடித்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு டிரைவர் கையில பஞ்சு வச்சியா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓடிட்டேன் மேடம்."

"மறுநாள் நான் போய்ப் பாத்தேன். அந்த இடம் நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு."

"நான் குத்துனதால."

"குத்துனதால மட்டும் இல்ல. அழுத்திப் பிடிக்க ஆள் இல்ல."

மாணவியின் கட்டைவிரல் ஆசிரியையின் கையில் அழுந்தியிருந்தது. அது நடுங்கவில்லை. இசக்கி அதைக் கவனிக்கவில்லை. ரோஸ்லின் கவனித்தார்.

"வலிக்குதா மேடம்?"

"வலிக்கத்தான் செய்யுது."

இல்லை என்று சொல்வார் என அவள் நினைத்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது. ஒரு கையில் பஞ்சும் மறு கையில் சிரிஞ்சுமாக இருந்ததால் தோளிலேயே துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் பிடிக்கணுமா?"

"எடுத்துப் பாரு."

பஞ்சை மெல்லத் தூக்கினாள். ரத்தம் நின்றிருந்தது. ஊசி போன இடம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. நீலம் இல்லை. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா வாசல் கேட்டுக்கு வந்துட்டாவ."

"போ."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவள் அங்கேயே நின்றாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே மேடம்."

ரோஸ்லின் சுருட்டிய கோட்டுக் கையை இறக்கிவிட்டார். ரப்பர் கையை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார்.

"அப்பா வெயில்ல வந்திருப்பாவ. மொதல்ல கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு சர்பத் வாங்கிக் குடு" என்றார். "என் வலது கைக்கு இன்னைக்கு இது போதும். நாளைக்கு இடது கையில பாப்போம்."