பரோட்டா மாஸ்டரின் வலது கை

அந்தப் பழைய ஓட்டுக் கட்டட வார்டை இடித்துவிட்டு இப்போது பல மாடி எழுப்பிவிட்டார்கள். லிஃப்ட், ஏசி, எல்லாம் அமர்க்களம்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் டாக்டர் ஆதிமூலத்துக்கு டெட்டால் வாசனையும், டாக்டர் எஸ்தரின் செருப்புச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். எஸ்தரிடம் அவர் அறுவைச் சிகிச்சை கற்றுக்கொண்ட காலம் அது. என்ன காலம் போங்கள், இனி வருமா!

அப்போது சோணமுத்து என்று ஒரு பரோட்டா மாஸ்டர் வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்தார். பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டு, தண்டுவடத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்துபோயிருந்தன. கை ஈரத்துணி மாதிரி தொங்கியது.

பிய்ந்ததை ஒட்ட வழியில்லை. மூச்சு விடுவதற்காக விலா எலும்புகளின் நடுவே ஓடும் நரம்புகள் சிலவற்றை எடுத்து, கையை மடக்கும் சதைக்குத் திருப்பிவிட்டார் எஸ்தர். கூட நின்று தையல் போட்டவர் ஆதிமூலம்.

நரம்பு வளர்ந்து சேர்ந்துவிட்டால், மூச்சு ஏறி இறங்கும்போது அந்தச் சதையும் அசையும். ஆனால் நரம்பு மெதுவாகத்தான் வளரும். மாதங்கள் ஓடின. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சோணமுத்துவை உட்காரவைத்து ஆதிமூலம் சோதிப்பார்.

“மூச்சை நல்லா இழுங்க. கையை மடக்குங்க.”

ஒன்றும் அசையாது.

“இன்னும் முயற்சி பண்ணுங்க.”

சோணமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். வேர்த்துக் கொட்டும். ஆதிமூலம் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சோணமுத்து உட்காரவே இல்லை.

“கையை எடுத்துருங்க சார். சும்மா தொங்குது, இடிக்குது. இதைச் சுமந்துக்கிட்டு எந்தக் கல்லு முன்னாடி போய் நிப்பேன்?”

ஆதிமூலம், தான் போட்ட தையல்தான் தோற்றது என்று முடிவே கட்டிவிட்டார். நேரே எஸ்தரிடம் போனார்.

“எடுத்துடலாமா மேடம்?”

எஸ்தர் எழுந்து வந்தார். சோணமுத்துவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாஸ்டர், எங்க வீட்டுக்காரர் ஒருநாள் பரோட்டா வீசுறேன்னு கிளம்பினார்.”

சோணமுத்து நிமிர்ந்தார். “வீச வந்துச்சா டாக்டரம்மா?”

“எங்கே? மாவு பறந்துபோய் எங்க மாமனார் போட்டோவுல அப்பிக்கிச்சு. உயிரோட இருந்தவரைக்கும் என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குற மனுஷன். மூக்கு மேல மாவோட அன்னைக்குத்தான் அழகா இருந்தார்.”

“ஐயய்யோ!” சோணமுத்துவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “மாவுல எண்ணெய் பத்தலைம்மா! எண்ணெய் பத்தியிருந்தா பெரியவர் மேல ஒட்டியிருக்காது, வழுக்கி இறங்கியிருக்கும்!”

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எஸ்தரும் சேர்ந்து சிரித்தபடியே ஆதிமூலத்தின் விரல்களைப் பிடித்து, அந்தத் தொங்கும் கையை மடக்கும் சதையில் வைத்தார்.

விரலுக்கடியில் சதை துள்ளியது. ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு துள்ளல்.

ஆதிமூலம் விரலை எடுக்கவில்லை. சோணமுத்து குனிந்து தன் கையையே பார்த்தார். அவரும் கண்டுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். அழுகைக்கும் அது துள்ளியது.

வராந்தாவுக்கு வந்ததும் ஆதிமூலம் கேட்டார்.

“நானும் வாராவாரம் மூச்சிழுக்கச் சொன்னேனே மேடம். எனக்கு ஏன் ஒரு தடவைகூட அசையலை?”

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“உன் முன்னாடி அவர் என்னைக்குப்பா மூச்சு விட்டார்?”